அவசரத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்

அப்பாவின் அம்பாசிடர், சித்தப்பாவின் புல்லட், ஏலத்தில் எடுத்த மகிந்திரா ஜீப், கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் மாருதி 800. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தேற்றிக்கொண்டு லே, காத்மாண்டு, முடிந்தால் லண்டன் வரைக்கும் போய்விடத் துடிக்கும் இளைஞர் கூட்டத்துக்கு,



விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த ஓட்டை வண்டியிலயா?" என்பதாகத்தான் இருக்கும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹெர்மன் சாப், கன்டெலாரியா சாப் தம்பதியின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். 2000 ஜனவரியில் புவெனஸ் ஐரிஸ் நகரிலிருந்து அலாஸ்காவுக்குக் கிளம்பினார்கள். வண்டி, 1928ஆம் ஆண்டின் கிரஹாம்-பெய்ஜ் கார். சக்கரத்து ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. ஆறு மாதத்தில் முடிக்கிற திட்டம். பயணத்தை முடித்துக்கொண்டு அதே நகரில் காரை நிறுத்தியது 2022 மார்ச்சில்! அதற்குள் 102 நாடுகள், ஏறத்தாழ 3,62,000 கிலோமீட்டர், நான்கு பிள்ளைகள். மூத்தவன் பிறந்தது அமெரிக்காவில், அடுத்தவன் சொந்த நாட்டில், மகள் கனடாவில், கடைக்குட்டி ஆஸ்திரேலியாவில். குடும்பம் பெருகியதும் இடம் போதவில்லை. காரையே வெட்டி நீளமாக்கிக்கொண்டார்கள்.

கையிருப்பு வழியிலேயே தீர்ந்துபோனது. ஈக்வடாரில் கன்டெலாரியா படம் வரைந்தார். அதை விற்றுப் பெட்ரோல் போட்டார்கள். பிறகு தங்கள் பயணக் கதையைப் புத்தகமாக்கி, போகிற ஊரெல்லாம் விற்றார்கள். அத்தனை தூரத்துக்கும் மாற்றியது எட்டு செட் டயர். இன்ஜின் வேலை பார்த்தது இரண்டு முறை. தொண்ணூறு வயதைத் தாண்டிய கார் அது.

ஆகவே வண்டி பழசு என்பதற்காக மட்டும் யாரும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இந்த மடல் உங்களை எச்சரிக்க விரும்புவது வேறொன்றைப் பற்றி: நாள்காட்டியைப் பற்றி. பதினைந்து நாள் விடுப்பு, போக வர ஏழாயிரம் கிலோமீட்டர், பதினாறாம் நாள் காலை அலுவலகம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்களைத்தான் பழைய வண்டி நடுவழியில் உட்கார வைக்கிறது.

ஜெர்மனியின் குந்தர் ஹோல்டார்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் இறுதியில் ஒரு மெர்சிடிஸ் ஜி-வேகனை வாங்கி அதற்கு 'ஓட்டோ' என்று பெயர் வைத்தார். டீசல் இன்ஜின், 88 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய வண்டிக்கு இது குறைவுதான். அதில் அவரும் பின்னாளில் மனைவியான கிறிஸ்டீனும் உலகம் சுற்றினார்கள். 2010இல் கிறிஸ்டீன் காலமான பிறகும் ஹோல்டார்ஃப் நிறுத்தவில்லை. 2014இல் பெர்லினில் பயணத்தை முடித்தபோது வண்டி ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்று அது ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதில் மாயம் ஒன்றும் கிடையாது. அவர் விரட்டவில்லை, சத்தம் மாறினால் நிறுத்திப் பார்த்தார், உதிரி பாகங்களைக் கூடவே சுமந்தார், போல்ட் இறுக்குவதிலிருந்து பெரும்பாலான வேலைகளைத் தானே செய்தார்.

இன்னும் பழைய கதை வேண்டுமா? 1953 கோடையில் சுவிட்சர்லாந்தின் இரண்டு இளைஞர்கள், எழுத்தாளர் நிக்கோலா பூவியேவும் ஓவியர் தியேரி வெர்னேயும், ஒரு ஃபியட் டோப்பொலினோவில் கிழக்கே கிளம்பினார்கள். அந்தக் காரின் இன்ஜின் 569 சி.சி.; இன்று நம் ஊரில் ஓடும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டருக்கே 648 சி.சி. இருக்கிறது. மலையேற்றங்களில் இறங்கித் தள்ளினார்கள். ஈரானின் தப்ரீஸ் நகரில் பனி வழியை மறித்ததும் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பூவியே பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். வெர்னே ஓவியம் விற்றார். குவெட்டாவில் கார் பட்டறையில் கிடந்த நாட்களில் ஒரு மதுக்கடையில் பாட்டு வாசித்துப் பிழைத்தார்கள். அங்கேதான் பூவியேவின் கையெழுத்துப் பிரதி குப்பையோடு போய்விட, ஊர்க் குப்பைமேட்டைக் கிளறித் தேடினார், கிடைக்கவில்லை. பூவியே கைபர் கணவாயை எட்டியபோது 1954 டிசம்பர். ஒன்றரை ஆண்டு!

பூவியே அத்தோடு நிற்காமல், தனியாக அதே காரில் இந்தியாவைக் கடந்து இலங்கைக்குப் போய், காலி நகரில் பல மாதம் தங்கினார். அங்கே உடம்பும் மனமும் நொந்து கிடந்த நாட்களைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகமாக எழுதினார். கைபரோடு முடிந்த முதல் பகுதி 1963இல் புத்தகமாக வந்து, பிரெஞ்சுப் பயண எழுத்தில் நிலையான இடம் பெற்றது. பட்டறையிலும் பனியிலும் கழிந்த நாட்களுக்கு அந்த நூலில் முக்கிய இடம் உண்டு. கார் ஒழுங்காக ஓடியிருந்தால் அவருக்கு எழுத அவ்வளவு விஷயம் கிடைத்திருக்காது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு விடை, எதன் பாகம் வழியில் கிடைக்கும் என்பதில் இருக்கிறது. அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றது. மாருதி 800க்கும் அதே ஆண்டுதான் கடைசி. பத்மினி அதற்கு முன்பே, 2000 வாக்கில் போய்விட்டது. ஆனாலும் சென்னை புதுப்பேட்டை, கொல்கத்தா மல்லிக் பஜார், டெல்லி காஷ்மீரி கேட் கடைகளில் இவற்றின் பாகங்களைத் தேடிப் பிடிக்கலாம். இறக்குமதியான அபூர்வ கார் பார்க்க அழகாக இருக்கும். அதன் வாட்டர் பம்ப் சீல் போனால், கூரியர் வரும்வரை லாட்ஜில் படுத்திருக்க வேண்டும்.

கிலோமீட்டரைப் பார்த்து ரப்பரை எடைபோடாதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் வீல் சிலிண்டரின் வாஷர்கள், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் கிளம்பும் முன் புதிதாக மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கிறதே என்று பத்து வயது டயரை நம்பி நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அந்த ஒரு டப்பா ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்ரோல் வேறு மாறிவிட்டது. பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்கேற்ற பாகங்களோடு செய்கிறார்கள். உங்கள் வண்டியைச் செய்த காலத்தில் யாரும் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பர் குழாய், பம்ப்பின் டயாஃபிரம், கார்க் கேஸ்கெட் ஆகியவற்றை எத்தனால் மெல்ல அரிக்கும். டாங்கின் அடியில் பல வருடமாகப் படிந்திருக்கும் கசடைக் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டரில் அடைக்கும். தண்ணீரையும் ஈர்க்கும், வண்டி வாரக்கணக்கில் நின்றால் டாங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கலாம். எனவே டாங்கைக் கழற்றிக் கழுவுங்கள். ஃபில்டர் நாலைந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கணக்கில் அதையும் சேருங்கள்.

சமவெளியின் சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை: இன்ஜின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் வண்டி இருமி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு ஒரு டீ குடிப்பார்கள். குடித்து முடிப்பதற்குள் சூடு இறங்கி ஸ்டார்ட் ஆகிவிடும். இதற்கு மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம். டீ மட்டும் போதும்.

லே போகிறவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. மணாலி–லே சாலையின் டங்லாங் லா கணவாய் கடல்மட்டத்திலிருந்து 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ பாதிதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. அது தன் போக்கில் வழக்கமான பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம் என்றால் கரும்புகை, இழுவையின்மை, பிளக்கில் கரி. சின்ன ஜெட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி, மாற்றவும் கற்றுக்கொண்டு போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 83 டிகிரி சுமாரிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்காமல் கசிந்தால், சென்னையில் கொதிக்காத வண்டி அங்கே கொதிக்கும். அந்த மூடியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

பாரம் ஏற்றுவதில் கட்டுப்பாடு வேண்டும். மேலே கேரியர், அதன்மேல் ஜெரிகேன், கூடாரம், கேஸ் அடுப்பு, ட்ரோன் பெட்டி என்று புகைப்படத்துக்காக அடுக்கினால், நாற்பது வயது கமான் பட்டைகள் முதல் பெரிய குழியிலேயே முறியும். வளைவில் வண்டியும் சாயும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: இந்த வண்டிகளில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, முகப்பு விளக்கு மங்கல். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். சீட் பெல்ட் இல்லையென்றால், பெயின்ட் அடிக்கிற காசில் முதலில் அதைப் பொருத்துங்கள்.

அடுத்தது காகிதம். சொந்த வாகனப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த வண்டிக்கு 2021 முதல் 'விண்டேஜ்' பதிவு என்று ஒன்று வந்திருக்கிறது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று போட்டுக்கொள்ளலாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டி கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது. நெடும்பயண ஆசை இருந்தால் அதைத் தொடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. பத்து வயது தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதன் பிறகும் உத்தரவுகள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் உள்ள நிலவரத்தைப் பாருங்கள். இல்லையேல் டெல்லியைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

எல்லை தாண்டுகிற ஆசையில் இருப்பவர்களுக்குக் கார்னே என்ற சுங்க ஆவணம் தேவைப்படும். வண்டியைப் போகிற நாட்டில் விற்காமல் திரும்பக் கொண்டுபோவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. இதற்குக் கட்ட வேண்டிய பிணைத்தொகையை வண்டியின் மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். புது எஸ்.யு.வி.க்காரர் லட்சக்கணக்கில் முடக்க வேண்டிய இடத்தில், உங்கள் பழைய ஜீப்பின் மதிப்பு குறைவு என்பதால் தொகையும் குறையும். வண்டி பழசாக இருப்பதில் கிடைக்கிற பச்சையான லாபம் இது. நேபாளத்துக்குக் கார்னே வேண்டாம். எல்லையிலேயே நாள் கணக்கில் கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்மாண்டு தோது.

லண்டன் கனவுக்காரர்கள் இதையும் கேளுங்கள். 1955 செப்டம்பர் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி பாரிங்டன் பிரவுன்தான், டி.என்.ஏ. மாதிரியின் அருகே வாட்சனும் கிரிக்கும் நிற்கும் அந்தப் பிரபலமான படத்தை எடுத்தவர். பயணத்தைப் படமாக்க பி.பி.சி.யிலிருந்து ஃபிலிம் கொடுத்து உதவியவர் டேவிட் அட்டன்பரோ. சிரியா, ஈராக், ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று வந்து, அசாமின் லீடோவிலிருந்து பர்மாவுக்குள் நுழைந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் போட்ட அந்தச் சாலையைப் பத்தே ஆண்டில் காடு விழுங்கத் தொடங்கியிருந்தது, பாலங்கள் போயிருந்தன. மழைக்கு முன் கடந்தே ஆக வேண்டும். கடந்தார்கள். 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூர் சேர்ந்தார்கள். பருவமழை ஒன்றுக்காக மட்டும் அவசரப்படலாம் என்பதை அவர்கள் பயணம் காட்டுகிறது.

அந்த இரண்டு வண்டிகளில் 'கேம்பிரிட்ஜ்' பின்னொரு பயணத்தில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. 'ஆக்ஸ்ஃபோர்டு' அட்லாண்டிக் தீவுகளுக்குப் போய், செயின்ட் ஹெலினாவில் துருப்பிடித்துக் கிடந்தது. யார்க்‌ஷயர்க்காரர் ஒருவர் அதை மீட்டுவந்து தேற்றினார். 2019இல், 64 வயதில், அது சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. 1955 பயணத்தின் டிம் ஸ்லெஸ்ஸர் 87 வயதில் மறுபடி ஏறுவதாக இருந்தார். கடைசி நேரத்தில் உடல்நலம் கெட, அவருடைய பேரன் அந்த இருக்கையில் அமர்ந்தான். ஆகஸ்டில் புறப்பட்டு டிசம்பரில் லண்டன் சேர்ந்தார்கள். வண்டி தாங்கியது, பழைய வழிதான் தாங்கவில்லை. சிரியா, ஈராக்கை விட்டுவிட்டு மத்திய ஆசியா வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் இந்த வழியில் பஸ்ஸே ஓடியது. 1957 ஏப்ரலில் 'இந்தியாமேன்' என்ற பஸ் இருபது பயணிகளோடு லண்டனிலிருந்து கிளம்பி ஜூனில் கல்கத்தா வந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அத்தோடு அந்தத் தடம் மூடியது. கிழக்கே நமக்கு இருந்த வாசல் மணிப்பூரின் மோரே. பர்மாவிலிருந்து 1960களில் விரட்டப்பட்டு வந்து, திரும்பிப் போக முயன்று முடியாமல், எல்லையிலேயே குடியேறிவிட்ட தமிழர்கள் கோயில் கட்டி வாழும் ஊர் அது. பெருந்தொற்று, 2021 மியன்மார் ராணுவக் கவிழ்ப்பு, 2023 மணிப்பூர் கலவரம் என்று அடுத்தடுத்து வந்ததில் அந்த வாசலும் பயணிகளுக்கு அடைபட்டது. மிச்சமிருப்பது நேபாளம், திபெத் வழி. சீனா உங்கள் வண்டியோடு வழிகாட்டி ஒருவரையும் உடன் கூட்டிப்போகச் சொல்லும். அவர் சம்பளமும் சாப்பாடும் உங்கள் கணக்கில்தான். ஆக, லண்டன் கனவுக்கு இன்ஜினைவிட முதலில் தேவைப்படுவது சில மாதப் பொறுமையும் வங்கியில் ஒரு தொகையும்.

வழியில் வண்டி நின்றால் மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் பத்மினியைப் பார்த்ததும் பாதிப் பேர் தங்கள் குருநாதர் பட்டறையில் கற்றுக்கொண்ட காலத்தைப் பேச ஆரம்பிப்பார்கள், கேளுங்கள். லேப்டாப்பைச் சொருகினால்தான் கோளாறு தெரியும் என்ற தலைமுறை வண்டி அல்ல உங்களுடையது. பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்யத் தெரிந்த கை இன்னும் சிற்றூர்களில் இருக்கிறது. கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்தே கொடுப்பார்கள். அதற்கு ஒரு நாள் பிடிக்கும். அந்த நாள் உங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லேவுக்குத் தேதி குறிக்கும் முன், முழுப் பாரத்தோடும் முழு ஆட்களோடும் கொல்லிமலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜின், கிளட்ச், பிரேக், ரேடியேட்டர், கூட வரும் நண்பரின் குணம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதித்துவிடலாம். ஏதாவது கழன்றால், லாரித் தொழிலால் வாழும் நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பார்க்கத் தெரியாத வேலை குறைவு. மலையில் தெரிந்த கோளாறுகளைச் சரிசெய்துகொண்டு, குறைந்தது ஒன்றரை மாதம் கையில் வைத்துக்கொண்டு வடக்கே திரும்புங்கள். கிடைத்திருக்கும் விடுப்பு பதினைந்தே நாள் என்றால், இந்த வருடம் ரயிலில் போய்வந்துவிடுங்கள். வண்டியை அடுத்த கோடைக்குத் தயார் செய்யுங்கள்.